முதற்கை தொடாத கிடங்கு

மலைக்கு இந்தப் பக்கமும் கடலுக்கு அந்தப் பக்கமுமாகக் கைவளநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே எதுவும் தானாகத் திறந்துகொள்ளாது. பூ மொட்டுகூட நாலு பேர் நின்று கைதட்டினால்தான் விரியும் என்று பக்கத்து நாட்டார் கேலி பேசுவார்கள். அது மிகை. பூக்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

நாட்டை முதலில் ஆண்டவருக்கு நல்ல கைராசி. அவர் கடப்பாரை போட்ட இடத்தில் தண்ணீர் ஊறியது, அவர் விதைத்த வயலில் கதிர் சாய்ந்தது. ஆகவே எந்த நல்ல காரியத்தையும் அவர் கையால் தொடங்கிவைக்க வேண்டி மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது கைராசியும் அவரோடு போய்விட்டது. கை மட்டும் ஒரு பதவியாக நிலைத்துவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்குப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு முதற்கை என்று பட்டம். முதற்கை வந்து நாடா வெட்டித் திறக்காத எதையும் குடிமக்கள் கை தொடக் கூடாது என்பது சட்டம். தொட்டது தனியாள் என்றால் சிறை. தரும நிலையம் என்றால் உரிமம் போகும், உள்ளே இருப்பவர்கள் தெருவுக்கு வருவார்கள்.

இதனால் பெரிய தொந்தரவு எதுவும் வந்துவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்றின் குறுக்கே கட்டிய பாலம் திறப்புக்காகக் காத்திருந்தது. மக்கள் அதன் நிழலில் நீந்திப் போனார்கள், வெயிலுக்கு இதமாக இருந்தது. புதுப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மதிலோரம் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளையும் அதே மதிலோரத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்டில் ஆனைவாரி என்ற ஊரில் அஞ்சுகம் என்பவள் ஓர் அடைக்கல இல்லம் நடத்திவந்தாள். எழுந்து நடக்க முடியாதவர்கள், பிள்ளைகள் விட்டுப் போனவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள் என்று பலரும் அங்கே படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சில பெண்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களே ஊருக்குள் வீடு வீடாகவும் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, கஞ்சி புகட்டிவிட்டு வருவார்கள். அரிசி ஒரு வீட்டில் வரும், விறகு இன்னொரு வீட்டில் வரும். அஞ்சுகத்துக்கு வாய் கொஞ்சம் அதிகம், பயமும் கொஞ்சம் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மாதிரி இல்லத்தை ஓட்ட முடியும்.

கடலோரத்தில் மணற்கரை என்ற ஊரில் இதே போன்ற இன்னோர் இல்லத்தை அவளுடைய தோழி பூரணி நடத்திவந்தாள். இருவரும் சிறுவயதில் ஒரே இடத்தில் பணிவிடை பழகியவர்கள். பூரணி எதையும் செய்வதற்கு முன் அஞ்சுகத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள். உப்பு வண்டி ஓட்டும் சடையன்தான் இருவருக்கும் இடையில் சேதி கொண்டுபோகிறவன்.

ஒரு மாரிக்காலத்தின் தொடக்கத்தில் சடையன் வேறொரு சேதி கொண்டுவந்தான். மலைக்கு அப்பால் சளிக்காய்ச்சல் பரவுகிறதாம். வருடா வருடம் வந்து மூக்கைச் சிந்தவைத்துவிட்டுப் போகிற காய்ச்சல் இல்லை. இது ஆளைக் கொண்டுபோகிறது. முதலில் கிழடுகளை, அடுத்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களை.

அஞ்சுகம் மற்ற ஊர்களின் அடைக்கல இல்லத்தாரையும் பூரணியையும் சேர்த்துக்கொண்டு தலைநகருக்குப் போனாள். அங்கே ஆயத்தத் துறை என்று ஒரு துறை இருந்தது. அதன் அமைச்சர் பேரறிவார் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார்.

“ஐயா, காய்ச்சல் வந்தா எங்க பொண்ணுங்கதான் முதல்ல படுப்பாங்க,” என்றாள் அஞ்சுகம். “அவங்க படுத்துட்டா, ஏற்கெனவே படுத்திருக்கிறவங்களுக்குத் தண்ணி குடுக்க ஆளு கிடையாது. முகத்துணி வேணும், சவுக்காரம் வேணும், கம்பளி வேணும். கஞ்சிக்கு அரிசி முன்கூட்டியே வந்துரணும். பதிலுக்கு நிக்கறதுக்கு நாலு பேரப் பழக்கி வெக்கணும்.”

பேரறிவார் கண்களை மூடிக் கேட்டார். கண்களைத் திறந்தபோது அவை கலங்கியிருந்தன.

“அம்மையீர், இது நோய்க்கு முன்னால் ஓடும் அரசு. நோய் எவ்வளவு விரைந்து வந்தாலும் நம்மைப் பிடிக்க முடியாது. நீங்கள் கேட்டவை அனைத்தும் ஆணையிடப்படுகின்றன. கேட்காத சிலவும் ஆணையிடப்படுகின்றன.”

வெளியே வந்ததும் பூரணி அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவ்வளவு சுளுவா முடிஞ்சுருச்சே, எனக்கு என்னமோ போல இருக்கு.”

“குடுத்தாலும் சந்தேகப்படுவியா நீ?” என்று அஞ்சுகம் கடிந்துகொண்டாள்.

அரசு சொன்னபடி செய்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மழை வலுப்பதற்கு முன் ஊருக்கு ஒரு ஆயத்தக் கிடங்கு எழும்பிவிட்டது. ஆனைவாரிக் கிடங்கு அடைக்கல இல்லத்துக்கு அடுத்த மனையிலேயே நின்றது. முகப்பு முழுக்கக் கருங்கல். உள்ளே பலகை அடுக்குகள் நிறைய முகத்துணி, சவுக்காரக்கட்டி, கம்பளி, அரிசி மூட்டை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் எல்லாம் தெரியும். வாசலில் சிவப்பு நாடா. நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி. இனி முதற்கை வந்து வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

முதற்கை வருவதற்கு நாளும் குறித்தார்கள். அந்த நாள் நெருங்கியபோது கல்வெட்டில் ஒரு சிக்கல் வந்தது. முதற்கையின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழே அமைச்சர்களின் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில்தான் அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. எல்லாப் பெயரும் முதல் வரியில் வரும்படி ஒரு கல் தேடி மலைக்கு ஆள் அனுப்பினார்கள். கல்லுக்குப் போனவர்கள் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள்.

அரசு உடனே விழித்துக்கொண்டது. பத்துப் பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று ஆணை வந்தது. நல்ல ஆணைதான். ஆனால் ஆயிரம் பேர் கூடாத திறப்பு விழா திறப்பு விழாவே ஆகாது என்று பழைய ஆணை ஒன்று இருந்தது. இரண்டு ஆணைகளும் மதிப்புக்குரியவை என்பதால், காய்ச்சல் தணிந்து ஆயிரம் பேர் கூடலாம் என்ற நிலை வரும்வரை கிடங்குகளைத் திறக்க வேண்டாம் என்று அமைச்சரவை ஒரே மனதாக முடிவெடுத்தது. அமைச்சரவை ஒன்றுபட்டதற்காகத் தலைநகரில் இனிப்பு வழங்கினார்கள்.

அடுத்து, முகத்துணி இல்லாமல் தெருவில் வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆணை. அஞ்சுகத்தின் பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு வீடுகளுக்குக் கிளம்பினார்கள். அரசு முத்திரை இல்லாத துணி முகத்துணி ஆகாது என்று காவலர்கள் அவர்களைத் திருப்பினார்கள். முத்திரைத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, கிடங்கைக் கை காட்டினார்கள். மூன்று தெரு தள்ளித் தனியாகக் கிடந்த ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கேட்டுச் செத்துப்போனார்.

பணிவிடைப் பெண்களுக்குப் பயிற்சி தருவோம் என்ற வாக்கையும் துறை மறக்கவில்லை. தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். என்றைக்காவது நடக்கப்போகும் திறப்பு விழாவில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்பது எப்படி, இடைவெளி தெரியாதபடி கைதட்டுவது எப்படி என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இல்லத்தில் உள்ளவர்கள் அன்று நனைந்த படுக்கையிலேயே கிடந்தார்கள். பெண்கள் திரும்பியபோது தாயம்மை என்ற பெண்ணுக்கு உடம்பு சுட்டது. அதிகாரிகளில் ஒருவர் பயிற்சி முழுக்க இருமிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

அந்த வாரத்தில் சடையன் பூரணியின் சேதியோடு வந்து தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினான்.

“பூரணியக்கா கேக்கச் சொல்லுச்சு. அங்க மூணு பேருக்குக் காய்ச்சலாம். கிடங்கு எதுத்தாப்புலதான் இருக்காம். பூட்ட ஒடைச்சுரட்டுமான்னு.”

அஞ்சுகம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உரிமம் போனால் பூரணியின் இல்லம் போகும். அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒன்றைப் பார்த்து மற்றதையும் மூடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அமைச்சரின் கலங்கிய கண்கள் அவள் மனசில் இருந்தன.

“பொறுத்துக்கச் சொல்லு,” என்றாள். “வெள்ளிக்கிழம வந்து தொறந்துருவாங்கன்னு பேச்சு அடிபடுது. அவசரப்பட்டு இல்லத்த இழந்துர வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

சடையன் அப்படியே போய்ச் சொன்னான். பூரணியும் அப்படியே கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஆனைவாரி இல்லத்தில் இரண்டு கட்டில்கள் காலியாயின. தாயம்மை கொஞ்சம் தேறி எழுந்தாள். ஆனால் இன்னொரு பெண் படுத்தாள். துவைத்த துணிகளைக் காயப்போட இடமில்லாமல் தாயம்மை கிடங்கின் பின்புறம் கொடி கட்டப் போனாள். சுவரில் ஆணி அடித்ததும் காரை பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது. ஆணி சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

அஞ்சுகம் போய்ப் பார்த்தாள். முகப்புக்குத்தான் கருங்கல். முதற்கை நின்று பார்க்காத பின்சுவரை ஒப்பந்தக்காரர் ஒற்றைச் செங்கலில் மண்ணைக் குழைத்து எழுப்பிப் பூசிவிட்டிருந்தார். அந்த மனிதரின் திருட்டுப் புத்தி இல்லையென்றால் அன்றைக்கு ஆனைவாரியில் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். யாருக்கு எப்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லவே முடியாது.

“அக்கா, உரிமம்?” என்றாள் தாயம்மை.

“உரிமத்த நாளைக்கு யாருக்குக் கஞ்சி ஊத்துறதுக்கு வெச்சுக்கிறது?” என்றாள் அஞ்சுகம். கடப்பாரையை அவளே எடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு ஓட்டை விழுந்துவிட்டது. முன்னால் காவலாளி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாடாவைப் பார்க்கத்தான் அவனுக்குச் சம்பளம். முத்திரைத் துணி கட்டிய பெண்கள் மறுநாள் தெருவில் இறங்கினார்கள். காவலர்கள் முத்திரையைப் பார்த்துச் சலாம் வைத்து வழிவிட்டார்கள். சவுக்காரம் வீட்டுக்கு வீடு போயிற்று. காய்ச்சல்காரர்களைத் தனி அறையில் போட்டுக் கம்பளி போர்த்தினார்கள். ஊரில் தெம்பாக இருந்த சிலரை அஞ்சுகமே பிடித்து வந்து கஞ்சி புகட்டப் பழக்கினாள். அதன் பிறகு இல்லத்தில் ஒரு கட்டில்தான் காலியாயிற்று.

சடையன் அடுத்து வந்தபோது அவள் தெருமுனைக்கு ஓடினாள். “பூரணிகிட்டப் போய்ச் சொல்லு. நான் சொன்னது தப்பு. பின்சுவத்த இடிச்சு எடுத்துக்கச் சொல்லு. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்னு சொல்லு.”

அவன் திரும்பிவர நாளாயிற்று. வந்தவன் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

“அங்க சுவரு நல்ல சுவருக்கா. கட்டுனவரு நேர்மையானவராம்,” என்றான். “இடிக்கவும் அங்க யாரும் எந்திரிச்சு நிக்கல. பூரணியக்கா போயி சேந்து ரெண்டு நாளாச்சுன்னாங்க. வெள்ளிக்கிழமையிலருந்து வாசல்லயே பாத்துக்கிட்டு இருந்துச்சாம்.”

அஞ்சுகம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கஞ்சி கிளறினாள்; கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். அவளுக்கு அமைச்சர் மேல் கோபம் வரவில்லை, அன்றைக்கு வந்ததெல்லாம் தன் மேல்தான்.

காய்ச்சல் தணிய ஆரம்பித்ததும் ஊர் ஆயத்த அலுவலர் கோட்டைச்சாமி கிடங்கைச் சோதிக்க வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். பலகை அடுக்குகள் வெறுமையாக இருந்தன. பின்பக்கம் போனார். ஓட்டையைப் பார்த்தார். இல்லத்துக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“அஞ்சுகம்மா, நான் என்னத்தன்னு மேல எழுதுறது? முதற்கைக்கு முன்னாடி வேற கை பட்டுருச்சுன்னு எழுதுனா, அத எழுதுனதுக்கே என் வேலை போயிரும்.”

“எலின்னு எழுதுங்க ஐயா.”

“எலி துணி திங்கும். சவுக்காரம்?”

“திங்கும்.”

“கம்பளி?”

“பெரிய எலிங்க.”

கோட்டைச்சாமி ஏட்டைத் திறந்தார். அவருடைய மாமியாருக்கும் அந்தக் கம்பளியில் ஒன்று போயிருந்தது. எலி என்றே எழுதினார். தலைநகரம் ஆனைவாரியைக் கண்டித்து ஓர் ஓலை அனுப்பியது. கிடங்குக்கு ஒரு பூனை வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திறப்பு விழா முடியாமல் பூனையும் உள்ளே போகக் கூடாது என்பதால் அதை வாசலில் கட்டிப்போட்டார்கள்.

காய்ச்சல் முழுக்கப் போன பிறகு விழா நடந்தது. அடுத்துத் தேர்தல் வரவிருந்ததால் ஊர் ஊராகப் போக முதற்கைக்கு நேரமில்லை. தலைநகர்க் கிடங்கின் முன் மேடை போட்டு, ஒரே கயிற்றை இழுத்து நாட்டின் எல்லாக் கிடங்குகளையும் ஒன்றாகத் திறப்பது என்று ஏற்பாடு. கயிறு மேடைக்குப் பின்னால் ஒரு முளைவரை போயிற்று. அங்கிருந்து ஊர்கள்வரை அதை நம்பிக்கைதான் கொண்டுபோயிற்று. இல்லத்தார் எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. அஞ்சுகமும் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிலும் இல்லத்தாருக்குப் போட்ட நிறைய இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் கட்சிக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

முதற்கை வந்தார். கயிற்றை இழுத்தார். பயிற்சி பெற்ற பெண்கள் இடைவெளி தெரியாமல் கைதட்டினார்கள். பேரறிவார் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார்.

“பெருமக்களே, நம் ஆயத்தத்தைக் கண்டு நோய் தோற்று ஓடியது. அந்த ஆயத்தத்தைக் கண்போல் காத்த ஓர் ஊருக்கு இன்று நிறைகிடங்கு விருது வழங்குகிறோம். அவ்வூர்க் கிடங்கில் ஒரு முகத்துணிகூடக் குறையவில்லை. ஒரு சவுக்காரக்கட்டிகூடக் கரையவில்லை. எலிகளுக்கு வாரிக்கொடுத்த சில ஊர்கள் இதைப் பார்த்துத் திருந்த வேண்டும். மணற்கரை அடைக்கல இல்லத்தின் தலைவி பூரணி அம்மையாரை மேடைக்கு அழைக்கிறேன்.”

யாரும் எழவில்லை.

“பூரணி அம்மையார்,” என்று மறுபடியும் அழைத்தார். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பேரறிவார் முகம் மலர்ந்தது. “பாருங்கள், எவ்வளவு தன்னடக்கம். புகழ் வேண்டாம் என்று எங்கோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களால்தான் இந்த நாடு நிற்கிறது.”

ஆயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த கட்சிக்காரர் அஞ்சுகத்தையும் எழுந்து நிற்கச் சொன்னார். அவள் எழுந்தாள். கை சேரவில்லை. இன்னும் ஒரு நொடி அங்கே நின்றால் கத்திவிடுவாள் என்று தோன்றியது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, யாரும் இல்லாத இடம் தேடி, தலைநகர்க் கிடங்கைச் சுற்றிக்கொண்டு அதன் பின்புறத்துக்குப் போனாள்.

அங்கே புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பாதை ஒரு கதவில் போய் முடிந்தது. நல்ல தேக்குக் கதவு, நிலை, படி, கைபட்டுக் கைபட்டுப் பளபளத்த பித்தளைக் கைப்பிடி. பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் மரியாதையாக எழுந்தான்.

“எந்த வீட்டுக்கும்மா? அமைச்சர் வீடா, செயலர் வீடா?”

அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தக் கதவு எப்ப போட்டது?”

“கட்டும்போதே வெச்சதுதானே. காய்ச்சலப்பக் காலையும் சாயங்காலமும் ஒரே கூட்டம். இப்பத்தான் கொஞ்சம் ஓஞ்சிருக்கு. கம்பளி எல்லாம் பெரிய வீடுகளுக்கே போயிருச்சு, முகத்துணி கொஞ்சம் கெடக்கு. வேணும்னா எடுத்துத் தரேன். எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க.”

முன்பக்கத்தில் இன்னும் கைதட்டல் ஓயவில்லை.

“பூரணி வீடு,” என்றாள் அஞ்சுகம்.

காவலாளி நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். தெரிந்த வீடுகளையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

“அப்படி ஒரு பேரு எங்கிட்ட யாரும் சொல்லி வெக்கலியேம்மா,” என்றான். “அப்ப நீங்க முன்வாசல்லதான் போயி நிக்கணும்.”